ராட்டினச் சீட்டும் உப்பு வரியும்

ஐப்பசி மழை இறங்கிவிட்டால் எங்கள் மரக்காணத்து உப்பளங்களில் வேலை நின்றுபோகும். பாத்திகளில் மழைத்தண்ணீர் நிற்கும். குவித்து வைத்த உப்பு அம்பாரங்கள் போர்த்திக்கொண்டு கிடக்கும். முன்பெல்லாம் அந்த நாட்களில் இளவட்டங்கள் கேரம் பலகையைச் சுற்றி நிற்பார்கள். இப்போது டீக்கடை பெஞ்சில் நாலு பேர் உட்கார்ந்தால் ஆளுக்கொரு செல்போன். ஆடுவது மட்டும் நாலு பேரும் ஒரே ஆட்டம். சென்னையிலும் மதுரையிலும் இருக்கும் முகம் தெரியாத பிள்ளைகள் எதிரணியில் இருப்பார்கள்.

போன ஐப்பசியில் என் பென்ஷன் பாஸ்புக்கில் பதிவு போட்டு வாங்கி வந்து பார்த்தபோது, நான் செலவழிக்காத பதினான்கு வரிகள் அதில் இருந்தன. குறைந்தது 79 ரூபாய், அதிகம் 799 ரூபாய். இரண்டு மாதத்தில் மொத்தம் 3,480 ரூபாய். ஒன்பதாவது படிக்கும் என் பேரன் என் செல்போனில் ஆடும்போது செய்த வேலை. அதட்டினேன். அழுதான். அழுதுகொண்டே ஒன்று சொன்னான்: "தாத்தா, நான் என்ன பண்றது? மாசத்துக்கு இவ்வளவுன்னு அவங்க ஒரே தடவையா சொல்லியிருந்தா உங்ககிட்ட கேட்டு வாங்கியிருப்பேன். அவங்க கொஞ்சம் கொஞ்சமாத்தான் கேக்கறாங்க."

நான் முப்பது வருஷத்துக்கு மேல் மத்திய அரசின் உப்பு இலாகாவில் எழுத்தராக இருந்தவன். வாழ்நாள் முழுக்க வசூல் கணக்கு எழுதிய எனக்குப் பையன் சொன்னதில் ஒரு பெரிய விஷயம் இருப்பதாகப் பட்டது. ஆட்டத்துக்குக் காசு எப்படி வாங்குவது என்பது பழைய கேள்வி. அதற்கு ஒரு சரித்திரம் உண்டு. பாஸ்புக்கை மூடி வைத்துவிட்டு அதைத் தேடிப் படித்தேன்.

எங்கள் காலத்துக் கணக்கு எளிது. மாசி மகத்துக்குக் கடற்கரையில் ராட்டினம் போடுவார்கள். பத்துப் பைசா கொடுத்தால் இத்தனை சுற்று. ஏறுவதற்கு முன்பே தெரியும். பாதிச் சுற்றில் நிறுத்தி, "இன்னும் ஐந்து பைசா கொடுத்தால் மேலே போகும்" என்று எந்த ராட்டினக்காரனும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஊரில் அடி விழுந்திருக்கும்.

கம்ப்யூட்டர் மூலம் பலர் சேர்ந்து ஆடும் ஆட்டங்கள் வந்த புதிதில் கட்டணம் மணிக் கணக்கில் இருந்தது. அமெரிக்காவில் 1985இல் கம்ப்யூசர்வ் நிறுவனத்தின் வழியாக 'ஐலண்ட் ஆஃப் கெஸ்மாய்' என்ற ஆட்டம் வந்தது. படமெல்லாம் கிடையாது, எல்லாம் எழுத்துதான். அதற்கு மெதுவான இணைப்பில் மணிக்கு 6 டாலர், வேகமான இணைப்பில் 12 டாலர். அநியாயமாகத் தோன்றும். ஆனால் அன்று டெலிபோன் லைனும் பெரிய கம்ப்யூட்டரின் நேரமும் அவ்வளவு விலை. உட்கார்ந்திருக்கிற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் எங்கோ செலவு ஆகிக்கொண்டிருந்தது.

பிரெஞ்சு நாட்டில் இதே முறை வீட்டுக்கு வீடு வந்தது. பாண்டிச்சேரிக் குடும்பங்களில் பலருக்கு 'மினிட்டல்' நினைவிருக்கும். 1982 முதல் டெலிபோன் வைத்திருந்தவர்களுக்கு அந்தச் சின்னப் பெட்டியை இலவசமாகவே கொடுத்தார்கள். 1984இல் 'கியோஸ்க்' என்ற வசூல் முறை வந்தது. 3615 என்ற எண்ணைப் போட்டு உள்ளே போனால் அரட்டை, ஜோசியம், ஆட்டம் எல்லாம் உண்டு. நிமிஷத்துக்கு சுமார் ஒரு பிராங் டெலிபோன் பில்லில் ஏறும். ஒரு பங்கு தபால் தந்தி இலாகாவுக்கு, மிச்சம் சேவை நடத்துகிறவருக்கு. என்னோடு பிரெஞ்சுப் பள்ளியில் படித்த என் பெரியப்பா மகன், பாரிசுக்குப் பக்கத்தில் குடியிருந்தவர், ஒரு மாதம் பில்லைப் பார்த்து மயங்காத குறையாகக் கடிதம் எழுதினார். பில்லில் பிழை இல்லை. மகன் ராத்திரியில் ஆடியிருக்கிறான். "தம்பி, இங்கே பெட்டிதான் இலவசம், நிமிஷம் இலவசமில்லை" என்று எழுதியிருந்தார். மினிட்டல் 2012 ஜூன் 30ஆம் தேதி மூடப்பட்டது. அண்ணன் அதற்கு முன்பே போய்விட்டார்.

நம் ஊர்ப் பக்கம் மணிக் கணக்கு வந்தது பிரௌசிங் சென்டர்களில். மணிக்கு 60 ரூபாயில் தொடங்கி 20 ரூபாய்க்கு இறங்கியது. பையன்கள் காசைச் சேர்த்து, வரிசையாக உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் சுட்டு விளையாடினார்கள். மணி முடிந்தால் கடைக்காரர் தோளைத் தட்டுவார். இன்று நினைத்தால் அந்தத் தோள் தட்டல் எவ்வளவு பெரிய உதவி!

இணைப்பு மலிவானதும் மணிக் கணக்கு போய் மாதச் சந்தா வந்தது. 1996 டிசம்பரில் அமெரிக்கா ஆன்லைன் நிறுவனம் மணிக் கணக்கை விட்டு மாதம் 19.95 டாலர் என்று ஆக்கியது. 1997இல் வந்த 'அல்டிமா ஆன்லைன்' மாதம் 9.95 டாலர். 2004இல் வந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' மாதம் 14.99 டாலர். 2010 வாக்கில் அதற்கு 1 கோடியே 20 லட்சம் சந்தாதாரர்கள் இருந்தார்கள். நூலகச் சந்தா மாதிரிதான். ஒரு புத்தகம் படித்தாலும் முப்பது படித்தாலும் ஒரே தொகை. வீட்டுக்காரருக்கு அடுத்த மாதச் செலவு இந்த மாதமே தெரியும்.

இந்த இடத்தில் பாதை திரும்பியது. கொரியாவின் நெக்ஸான் நிறுவனம் 2001 வாக்கில் தன் வினாடி வினா ஆட்டம் ஒன்றுக்குச் சந்தாவை எடுத்துவிட்டது. உள்ளே வருவது சும்மா. சட்டை, தொப்பி, சாமான் வேண்டுமென்றால் காசு. அதே நிறுவனத்தின் 'மேப்பிள் ஸ்டோரி' ஆட்டத்தில் 2004இல் ஜப்பானில் இன்னொன்று சேர்ந்தது. 100 யென் சீட்டு வாங்கினால் ஒரு பெட்டி திறக்கும். உள்ளே என்ன இருக்கும் என்று முன்கூட்டித் தெரியாது. பெட்டிக்கடையில் ஐந்து பைசாவுக்குக் கிழித்துப் பார்ப்போமே, பரிசு அட்டை, அதேதான். நமக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஒரு மிட்டாய்.

பிறகு 2016இல் நம் நாட்டில் செல்போன் டேட்டா மலிந்தது. உப்பு வாரும் கூலியாள் வீட்டுப் பிள்ளைக்கும் அந்த உலகம் இலவசமாகத் திறந்தது. பிரெஞ்சில் இலவசத்துக்கு 'கிராத்துயி' என்பார்கள். அந்தச் சொல்லுக்குக் 'காரணமில்லாதது' என்றும் ஒரு பொருள் உண்டு. ஆனால் வியாபாரத்தில் காரணமில்லாத இலவசம் ஏது? உள்ளே ரூபாய் கிடையாது, வைரம், நாணயம் என்று வேறு பணம். 100 வைரம் விலையுள்ள பொருளுக்கு, வைரம் 60, 60ஆகத்தான் விற்பார்கள். மிச்சம் 20 கையில் நிற்கும். அதைச் செலவழிக்க மறுபடியும் வைரம் வாங்க வேண்டும். பழைய பாண்டிச்சேரியில் எட்டு பனோ ஒரு ரூபாய். எழுதப் படிக்கத் தெரியாத மீன்காரம்மாவுக்கும் அந்தக் கணக்கு தெரியும். இந்த வைரக் கணக்கு எழுத்தராக இருந்த எனக்கே இரண்டு நாள் பிடித்தது.

இங்கேதான் எனக்கு உப்பு ஞாபகம் வந்தது. ஆங்கிலக் கம்பெனி 1805இல் சென்னை ராஜதானியில் உப்பைத் தன் ஏகபோகமாக்கியது. பிரெஞ்சுக்காரர்களோடு 1815இல் ஒப்பந்தம் போட்டு, அவர்கள் பகுதி உப்பையும் தானே வாங்கும் உரிமையைப் பெற்றது. அதற்கும் அபினி விஷயத்துக்கும் சேர்த்து வருஷம் 4 லட்சம் சிக்கா ரூபாய் கொடுத்தது. 1818இல் பிரெஞ்சுப் பகுதியில் உப்புக் காய்ச்சுவதே நின்றது. அளத்துச் சொந்தக்காரர்களுக்கு ஈடாக வருஷம் 4,000 நட்சத்திர வராகன். உப்பு எடுக்காமல் இருப்பதற்குப் பணம்! உப்பை விட உப்பின் வாசலுக்குத்தான் மதிப்பு என்பதை அவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

பிறகு வரி ஏறி இறங்கியது. 1923இல் ஒரு மணங்குக்கு, அதாவது சுமார் 37 கிலோவுக்கு, இரண்டரை ரூபாய் வரை போய் மறு வருஷம் பாதியானது. யாரும் தனியாக வரி என்று கட்டவில்லை. விலையோடு கலந்திருந்தது. காலணா, அரையணாவாகப் போனது. வேண்டாம் என்று சொல்லவும் முடியாது, கஞ்சிக்கு உப்பு வேண்டுமே. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்ததும், ஒரு பிடி உப்பை அள்ளியதற்குச் சிறை போனதும் இதற்காகத்தான். 1947இல்தான் அந்த வரி ஒழிந்தது.

ஆட்டம் உப்பு இல்லை. அது இல்லாமல் யாரும் சாக மாட்டார்கள். அதனால் அதற்குக் காசு வாங்குவதில் தப்பில்லை. ஆட்டத்தை உண்டாக்குகிறவர்களுக்கும் சம்பளம் வேண்டும், கம்ப்யூட்டர்களுக்கும் கரண்ட் பில் வேண்டும். என் குறை வேறு. பிள்ளை ஆட்டத்தை விட முடியாதபடி பார்த்துப் பார்த்து அமைத்து, அதை அவனுக்கு உப்பாக்கிவிட்டு, அதன் பிறகு காலணா காலணாவாக வாங்குகிறார்களே, அதுதான்.

எங்கள் இலாகாவில் குத்தகை நிலத்துக்கு இரண்டு வசூல் உண்டு. ஏக்கருக்கு இவ்வளவு என்று நில வாடகை, எடுத்த உப்புக்கு டன் கணக்கில் ஒரு தொகை. இரண்டும் முன்கூட்டியே காகிதத்தில் இருக்கும். குத்தகைக்காரர் திட்டுவார், ஆனால் தொகையைக் கண்டு திடுக்கிட மாட்டார். ஆட்டத்துக்கும் நான் கேட்பது அவ்வளவுதான்.

சட்டமும் இப்போது இந்தப் பக்கம் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. தமிழ்நாட்டில் காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு 2025இல் நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை தடை என்று விதி வந்தது. சென்னை உயர் நீதிமன்றம் ஜூன் மாதம் அதை ஏற்றது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் காசு வைத்து ஆடும் ஆட்டங்களையே தடை செய்து சட்டம் போட்டது. பந்தயம் இல்லாத ஆட்டங்களுக்குச் சந்தாவோ ஒருமுறைக் கட்டணமோ வாங்கலாம், அது பந்தயப் பணமாக இருக்கக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. நுழைவுச் சீட்டு வேறு, சூதுப் பணம் வேறு என்று எழுத்தில் பிரித்தது நல்ல காரியம். ஆனால் என் பேரன் திறந்த அந்த மர்மப் பெட்டிகளைச் சட்டம் பெயர் சொல்லிப் பேசவில்லை. பெல்ஜியம் 2018லேயே சில பிரபல ஆட்டங்களின் பெட்டிகளைச் சூது என்று சொல்லிவிட்டது.

என் யோசனை இது. விலை ரூபாயில் இருக்க வேண்டும். மாதச் சந்தாவோ ஒரே தடவைக் கட்டணமோ, வாசலில் சொல்ல வேண்டும். சட்டை தொப்பி விற்கட்டும், ஜெயிக்கும் பலத்தை விற்கக் கூடாது. மர்மப் பெட்டி பிள்ளைகளுக்குக் கூடவே கூடாது. மாதத்துக்கு இவ்வளவுதான் என்று ஒரு உச்சவரம்பு வேண்டும்.

பேரனிடம் இதை வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "சந்தா வெச்சா என் ஃப்ரெண்டு ஆட முடியாது தாத்தா" என்றான். அந்தப் பையனின் அம்மா உப்பளத்தில் கூடை சுமக்கிறவர். மழை மாதங்களில் கூலி கிடையாது. அவன் இதுவரை ஒரு ரூபாய் கட்டியதில்லை. ஆனாலும் என் பேரனை விட நன்றாக ஆடுகிறானாம்.

உப்பு வரியில் ஏழை கட்டி அரசு தின்றது. இதிலோ கட்டுகிறவன் காசில் கட்டாதவனும் ஆடுகிறான். அப்படிப் பார்த்தால் என் 3,480 ரூபாயில் ஒரு பங்கு அந்தக் கூடைக்காரம்மா மகனின் சீட்டுக்கும் போயிருக்கிறது. அந்தப் பங்கு எனக்கு வருத்தமில்லை. அதைக் கேட்டு வாங்கியிருக்கலாம்.

இப்போது வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருக்கிறோம். மாதம் 100 ரூபாய், முன்கூட்டிக் கேட்டு, எழுதி, கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். கார்த்திகையில் பேரன் 100 கேட்டான். எதற்கு என்ற இடத்தில் நண்பனின் பெயரை எழுதியிருந்தான், ஒரு சட்டை வாங்கிக் கொடுக்க. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.