பச்சைப் புள்ளி யாருடையது?

கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் சோப்பு உறையைத் திருப்பித் திருப்பிப் படிக்கிறவனை 'சுத்த சைவம்தாங்க, தைரியமா எடுங்க' என்று தேற்றுவார்கள். நான் சைவமல்ல. கோழி, மீன், முட்டை தின்கிறவன். ஆடு, மாடு, பன்றிதான் எனக்கு ஆகாது. பாலூட்டிகளின் உடலில் இருக்கும், மனிதருக்கு இல்லாத ஆல்பா-கேல் என்னும் சர்க்கரைக்கூறுதான் காரணம். உண்ணிக்கடியால் இந்த ஒவ்வாமை வரும் என்று 2009இல் ஆஸ்திரேலியாவிலும் 2011இல் அமெரிக்காவிலும் எழுதினார்கள். தின்று சில மணி நேரம் கழித்துத் தடிப்பு, மூச்சுத்திணறல். தோலில் பூசுவது எல்லோரையும் படுத்துவதில்லை, என்னைப் படுத்துகிறது.

'இதுல என்ன கலந்திருக்கு?' என்பது இங்கே பழைய கேள்வி. 1806 ஜூலையில் வேலூர்க் கோட்டை எழுந்ததற்குப் புதுத் தலைப்பாகையின் தோல் குஞ்சமும் ஒரு காரணம். பசுத்தோலா, பன்றித்தோலா? மறுத்த சிப்பாய்களுக்குச் சவுக்கடி விழுந்தது. 1857இல் தோட்டாக் கொழுப்பு. 1983இல் வனஸ்பதியில் மாட்டுக்கொழுப்பு. ஒவ்வொரு முறையும் பேசியது மதமும் சாதியும். நோயுற்ற உடல் இந்தச் சொல்லாடலுக்குள் வரவேயில்லை.

புள்ளியும் அந்த வழியில் வந்ததுதான். 2001இல் உணவுப் பொட்டலத்துக்கு வந்த விதி முட்டையை அசைவத்தில் சேர்த்தது, பாலை விலக்கியது. பாலும் ஆகாத நோயாளிகள் உண்டு, அவர்களுக்கும் பச்சைதான். அழகுசாதனங்களுக்கும் இப்படி அடையாளம் வேண்டுமென்று டெல்லி உயர்நீதிமன்றம் 2002இல் சொன்னது, உச்சநீதிமன்றம் 2013இல் அதை ரத்து செய்தது, 2014இல் மத்திய அரசே சோப்பு, ஷாம்பு, பற்பசைக்குப் புள்ளி வைக்க விதி போட்டது. சரி, வைக்கட்டும். பழுப்புப் புள்ளிக்குள் பூச்சியிலிருந்து எடுக்கும் கார்மைன் சிவப்பும் மாட்டுக்கொழுப்பும் ஒன்றாகிவிடுகின்றன. முன்னது எனக்கு ஒன்றும் செய்யாது. தீட்டின் கோடு வேறு, என் தோலின் கோடு வேறு.

ஆகவே எழுத்துக்கூட்டிப் படிக்கிறேன், அதுவும் ஆங்கிலத்தில். சோடியம் டாலோவேட் என்றால் மாட்டுக்கொழுப்பு அல்லது ஆட்டுக்கொழுப்பு. சோடியம் பாமேட் பாமாயில். லனோலின் செம்மறி ரோமத்தின் மெழுகு. கிளிசரினும் ஸ்டியரிக் அமிலமும்தான் கழுத்தறுப்பு: இரண்டும் கொழுப்பிலிருந்தும் வரும், தாவர எண்ணெயிலிருந்தும் வரும், பெயர் மாறாது. பனையா பன்றியா என்று மூலத்தை எழுதாதவரை புள்ளியால் எனக்குப் பயனில்லை.

அரப்பையும் சீயக்காயையும் யாரும் இப்படிப் படித்ததில்லை. கல்வராயன் மலைப்பக்கம் இலையாகவும் காயாகவும் கண்ணால் பார்த்து, முகர்ந்து, இடித்துத் தேய்த்தார்கள். உறையில் சீயக்காய் படம் வந்தபிறகு உள்ளே இருப்பது சீயக்காய்தானா என்பதே கேள்வியாகிவிட்டது. நான் அரப்புக்குத் திரும்பிவிட்டேன். கண்ணில் பட்டால் எரியும், கெடக்கட்டும். மாத்திரைக்கு என்ன செய்வது? கேப்சூல் கூட்டின் ஜெலட்டின் பெரும்பாலும் மாட்டினுடையது அல்லது பன்றியினுடையது. அந்த 2002 தீர்ப்பும் உயிர்காக்கும் மருந்துகளை மட்டும் விலக்கியே வைத்திருந்தது.