கருவினுள் உறையும் புரதங்கள்

ஒரு பொருளின் பயன் உணரப்படும்வரை அதனைப் பதரென ஒதுக்குதல் உலகியல்பு. விஞ்ஞானிகளும் இதற்கு விலக்கல்லர். கலத்தின் கருவிலே உறையும் ஹிஸ்டோன் என்னும் புரதங்களின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1869இல் சுவிஸ் நாட்டு அறிஞர் பிரீட்ரிக் மீஷர், புண்கட்டுத் துணிகளிற் படிந்த சீழிலிருந்து வெண்குருதிக் கலங்களைப் பிரித்து, அவற்றின் கருவிலே பொசுபரசு கொண்ட புதியதொரு பொருளைக் கண்டார். பின்னர் டி.என்.ஏ. எனப் பெயர்பெற்ற பொருள் அதனுள் அடங்கியிருந்தது. 1884இல் ஜெர்மானியரான அல்பிரெக்ட் கொசல், வாத்தின் செங்குருதிக் கலங்களின் கருக்களை நீர்த்த அமிலத்திலிட்டு, அதிற் கரைந்து வந்த புரதத்துக்கு ஹிஸ்டோன் எனப் பெயரிட்டார்.

பறவைகளின் செங்குருதிக் கலங்களிற் கரு உண்டு. முலையூட்டிகளின் முதிர்ந்த செங்குருதிக் கலங்களில் அஃது இல்லை. ஆதலின் முலையூட்டிகளை ஆராய்ந்தோர் கன்றின் தைமசுச் சுரப்பியை நாடினர். அதன் கலங்களிற் பெரும்பகுதி கருவேயாகும். இழையத்தைக் குளிர்ந்த சர்க்கரைக் கரைசலிலே சிதைத்து, வடித்து, மையநீக்கப் பொறியிற் சுழற்றினால் கனத்த கருக்கள் அடியிற் படியும். அவற்றுடன் நீர்த்த அமிலம் சேர்க்க, ஹிஸ்டோன் கரைந்து பிரியும், டி.என்.ஏ. கரையாது எஞ்சும். குளிர் தவறின் கலத்தின் நொதியங்களே புரதத்தைச் சிதைத்துவிடும்.

பரம்பரை இயல்பைச் சுமப்பது புரதமே என அக்காலத்துப் பலர் நம்பினர். அது டி.என்.ஏ. என்பதை 1944இல் நியூயோர்க்கின் ரொக்பெல்லர் நிலையத்தைச் சேர்ந்த ஏவரி குழுவினர் காட்டினர். அதே நிலையத்து அல்பிரட் மேர்ஸ்கியோ, அவர்தம் பொருளிற் சிறிதளவு புரதம் கலந்திருத்தல் கூடுமென ஐயுற்றார். அவர் ஐயம் நிலைபெறவில்லை. 1953இல் டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருளமைப்பு வெளிப்பட்டபின் புகழ் முழுவதும் அதனையே சார்ந்தது. ஹிஸ்டோன் அதனைச் சுற்றிவைக்கும் வெறும் பொதியெனவே பலராலும் எண்ணப்பட்டது.

ஆயினும் மேர்ஸ்கி கருப்புரத ஆய்வைக் கைவிட்டாரல்லர். 1964இல் அவரும் வின்சென்ட் ஓல்பிரி முதலியோரும், ஹிஸ்டோனில் அசற்றைல் தொகுதி சேரும்போது ஆர்.என்.ஏ. ஆக்கத்துக்கு அப்புரதம் விளைக்கும் தடை தளர்வதைக் கண்டனர். பொதியென்று கருதப்பட்டது, பரம்பரைச் செய்தி வெளிப்படுதலை அடக்கியும் விடுத்தும் ஆளவல்லது என்னும் கருத்து இவ்வாறு எழுந்தது. முன்னர் தவறியவரே பின்னர் வழிகாட்டினார்.

அவ்வழி நம் அயல்நாட்டையும் எட்டியது. பெங்களூரின் ஜவஹர்லால் நேரு உயர் விஞ்ஞான ஆய்வு நிலையத்திலே தபஸ் குண்டு குழுவினர், ஹிஸ்டோனில் அசற்றைல் தொகுதியைச் சேர்க்கும் பி300 என்னும் நொதியத்தை ஆராய்ந்தனர். மரமுந்திரிகைக் கொட்டையின் ஓட்டெண்ணெயிலுள்ள அனகார்டிக்கமிலம் அந்நொதியத்தைத் தடுப்பதை 2003இலும், மஞ்சளின் குர்க்குமின் தடுப்பதை 2004இலும் அவர்கள் வெளியிட்டனர். இவை பரிசோதனைச்சாலை முடிபுகளேயன்றி மருந்துகள் அல்ல. எனினும், கல்முனைக்குடி முதலிய கிழக்குக்கரை ஊரார் நன்கறிந்த மரமுந்திரிகையின் ஓடும் ஆராய்வார் கையிற் பதராவதில்லை என்பதை இவை உணர்த்துகின்றன.