நோயுற்ற நாளின் கூலி

ஆலைத் தொழிலாளி நோயுற்றால் அன்றைய கூலி இல்லை. வேலை நிலைக்கும் என்ற உறுதியும் இல்லை. மருத்துவ உதவி பெரிதும் முதலாளியின் கருணையைச் சார்ந்திருந்தது. 1943இல், அம்பேத்கர் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, தொழிலாளர் நலக் காப்பீட்டுத் திட்டம் வகுக்கும் பணி பி. பி. அதார்க்கரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1944இல் அவர் அளித்த அறிக்கையே 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டத்திற்கு (இ.எஸ்.ஐ.) அடித்தளமாயிற்று. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் தில்லியிலும் திட்டம் தொடங்கியது.

தொழிலாளியும் பங்களித்ததால் சிகிச்சை, சலுகை என்ற நிலையிலிருந்து உரிமையாக உயர்ந்தது. நோய்க்காலப் பணப்பயன் பெறுபவரை அக்காலத்தில் பணிநீக்கம் செய்வதை 73ஆம் பிரிவு தடுத்தது. மருந்தைவிடத் தொழிலாளிக்குப் பெரிய ஆறுதல் இதுவே.

ஆயினும் அச்சட்டமே வேலியும் இட்டது. இயந்திர விசையால் இயங்கும், 20 பேருக்குக் குறையாத, பருவகாலம் சாராத தொழிற்சாலைகளே தொடக்கத்தில் அதில் அடங்கின. மாத ஊதியம் 400 ரூபாயைக் கடந்தவர்கள் விலக்கப்பட்டனர். பின்னர் ஆள் எண்ணிக்கை 10 ஆகக் குறைந்தது. 2017இல் ஊதிய வரம்பு 21,000 ரூபாயாக உயர்ந்தது. வேலி நகர்ந்ததேயன்றி அகலவில்லை. ஐவர் உழைக்கும் பட்டறையில் நோயுறுபவருக்கு, 1948க்கு முந்தைய ஆலைத் தொழிலாளியின் நிலை இன்னும் பழங்கதையாகிவிடவில்லை.