ஏழைக்கு இறைச்சி கொடுத்த சூது

1672 முதல் 1678 வரை சென்னைக் கோட்டைக்குத் தலைமை வகித்த வில்லியம் லாங்கார்ன் குடிக்கு ஓர் அளவு விதித்தார். ஓர் ஆளுக்கு ஒரு வேளைக்கு அரை பைண்ட் சாராயம் அல்லது பிராந்தி, கூட ஒரு குவார்ட் ஒயின். அதற்கு மேல் கூடாது. மீறினால் ஊற்றிக் கொடுத்த வீட்டுக்காரருக்கு ஒரு வராகன் அபராதம், குடித்தவருக்கு 12 பணம். அந்த அளவே ஆளைச் சாய்க்கப் போதும் என்பது வேறு விஷயம். அளவு விதித்த அதே கம்பெனிதான் சாராயக் குத்தகை விட்டுப் பணமும் பார்த்தது. குடியை ஒரு கையால் தட்டிக்கொண்டே மறு கையால் அதன் காசை வாங்கிப் போட்டுக்கொள்ளும் வழக்கம் இந்தக் கரையில் அன்று தொடங்கியது. ஆட்சிகள் மாறினாலும் அது மாறவில்லை. கோட்டைக்கு வடக்கே முத்தியால்பேட்டை, ராயபுரம், தண்டையார்பேட்டை என்று ஊர் பெருகியபோது அங்கே வந்து தங்கிய முஸ்லிம்களின் மார்க்கம் வேறொரு கணக்கைக் கையில் வைத்திருந்தது. மதுவும் சூதும் இஸ்லாத்தில் பாவமா என்று கேட்டால், ஆம் என்ற பதில் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பதிலுக்குள் இருக்கும் நியாயம்தான் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இரண்டிலும் பயன் உண்டு என்று ஒப்புக்கொண்ட பிறகே இஸ்லாம் அவற்றை விலக்கியது. மது வருமானத்தையும் லாட்டரி வருமானத்தையும் காட்டி நம் அரசுகள் சொன்ன நியாயங்களுக்கு அதில் முன்கூட்டியே ஒரு பதில் இருக்கிறது என்பது என் வாதம்.

குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம், 219-ஆம் வசனம் மதுவையும் சூதையும் பற்றிய கேள்விக்கு விடை சொல்கிறது. இரண்டிலும் பெரும் பாவம் இருக்கிறது, மனிதர்களுக்குச் சில பயன்களும் இருக்கின்றன, பாவம் பயனைவிடப் பெரியது என்பது அதன் கருத்து. சூதில் என்ன பயன் இருந்திருக்க முடியும்? அன்றைய அரபு நாட்டில் மைசிர் என்று அழைக்கப்பட்ட சூதின் முறையை குர்ஆன் விரிவுரையாளர்கள் விளக்கமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். ஒட்டகம் ஒன்றைக் கடனுக்கு வாங்கி அறுத்துப் பங்கு போடுவார்கள். பத்து அம்புகளைப் பையில் போட்டுக் குலுக்கி ஒவ்வொன்றாக எடுப்பார்கள். ஏழு அம்புகளுக்குப் பங்கு உண்டு, மூன்று வெற்று அம்புகள். வெற்று அம்பு யார் பெயருக்கு வந்ததோ அவர்கள் ஒட்டகத்தின் விலையைக் கட்ட வேண்டும். ஜெயித்தவர்கள் அந்த இறைச்சியைத் தாங்கள் தின்பதில்லை, ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவார்கள். வறட்சியும் குளிரும் வாட்டும் காலத்தில் வசதியுள்ளவர்கள் ஆடிய ஆட்டம் அது. ஆட மறுத்தவனைக் கஞ்சன் என்று ஊர் இகழ்ந்தது. அதாவது மைசிர் என்பது தர்மத்துக்காக ஆடிய சூது. பசித்தவனுக்கு இறைச்சி போட்ட அந்தச் சூதைத்தான் இஸ்லாம் விலக்கியது. வயிற்றுப்பாட்டைக் கெடுக்கும் சூதை எந்த மதமும் எளிதில் பழித்துவிடும். கொடை என்ற பெயரில் நடந்ததையும் சேர்த்து விலக்கியதில்தான் இந்தச் சட்டத்தின் கனம் இருக்கிறது. ஐந்தாம் அத்தியாயத்தின் 90, 91-ஆம் வசனங்கள் விலக்கை முடித்துவைத்தபோது சொன்ன காரணமும் பாதி சமூகக் காரணமே: மனிதர்களுக்குள் பகையும் வெறுப்பும் மூளும், இறைநினைவும் தொழுகையும் தப்பிப்போகும்.

இதற்கு மறுப்புகள் புதியவை அல்ல. ஹராம் என்ற சொல் மதுவைக் குறித்து குர்ஆனில் நேரடியாக வரவில்லை, விலகிக்கொள்ளுங்கள் என்றுதானே இருக்கிறது என்பது ஒன்று. சிலைகளின் அசுத்தத்தை விலக்கச் சொல்லும் 22-ஆம் அத்தியாயத்திலும் அதே வினைச்சொல்தான் வருகிறது. அதை யாரும் லேசான புத்திமதியாக எடுத்துக்கொண்டதில்லை. பேரீச்சையிலிருந்தும் திராட்சையிலிருந்தும் போதையும் நல்ல உணவும் எடுக்கிறீர்கள் என்று 16-ஆம் அத்தியாயம் அருட்கொடைகளின் வரிசையில் சொல்கிறதே என்பது இன்னொன்று. அது விலக்கு வருவதற்கு முன் மக்காவில் இறங்கியது. அங்கேயே போதை தனி, நல்ல உணவு தனி என்று பிரித்துப் பேசப்படுகிறது. பனைமரத்தைத் தெரிந்த நமக்கு இந்தப் பிரிவினை சட்டென்று பிடிபடும். ஒரே பாளைதான்; கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாமல் விட்டால் கள். தமிழ் முஸ்லிம் வீட்டில் பதநீருக்குத் தடையில்லை, கள்ளுக்கு இடமில்லை. மூன்றாவது மறுப்பு சட்டநூல்களுக்குள்ளிருந்தே வருகிறது. திராட்சை மதுவுக்குத்தான் முழுத்தடை, மற்றவற்றில் போதையேறும் அளவுதான் குற்றம் என்பது இமாம் அபூஹனீஃபாவின் கருத்து. கடற்கரைத் தமிழ் முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஷாஃபி மத்ஹபினர், அதாவது ஷாஃபி சட்டப்பிரிவைச் சேர்ந்தவர்கள். போதை தருவது எதுவானாலும் அது மதுவே, துளியும் ஆகாது என்பது அவர்கள் சட்டம். உருது பேசும் குடும்பங்களும் ராவுத்தர்களும் அபூஹனீஃபாவைப் பின்பற்றும் ஹனஃபிகள். வடசென்னைத் தெருக்களில் இரு சாராரும் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் இருக்கிறார்கள். அப்படியானால் ஹனஃபி வீட்டுக்காரர் கள்ளை அளவோடு குடிக்கலாமா? முடியாது. அபூஹனீஃபாவின் மாணவர் இமாம் முஹம்மதின் கண்டிப்பான கருத்தே பிற்கால ஹனஃபி ஃபத்வாவாக நிலைத்தது. நபித்தோழர் அனஸின் அறிவிப்பு இதற்குப் பெரிய ஆதாரம்: விலக்கு அறிவிக்கப்பட்ட நாளில் மதீனாத் தெருக்களில் கொட்டப்பட்டது பேரீச்சம்பழ மது. திராட்சைதான் தடை என்றால் அன்று அதைக் கொட்டியிருக்க வேண்டியதில்லை.

துறைமுகத்து ஊருக்குக் கேள்வி குடிப்பதோடு நிற்கவில்லை. மது விஷயத்தில் சாபத்துக்குரியவர்கள் என்று நபிமொழி பத்துப் பேரைச் சொல்கிறது. பிழிபவர், குடிப்பவர், ஊற்றுபவர், விற்பவர், வாங்குபவர், அந்தக் காசைத் தின்பவர் ஆகியோரோடு சுமப்பவரும், யாருக்காகச் சுமக்கப்படுகிறதோ அவரும் அதில் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் துறைமுகம் முழுமையாகக் கட்டி முடிவதற்கு முன், கப்பல் கரையை விட்டுத் தள்ளிக் கடலில் நிற்க, மசூலாப் படகுகள்தான் அலையைக் கடந்து சரக்கைக் கரை சேர்த்தன. வெள்ளைக்காரர்களின் மேஜைக்கு வந்த மது பீப்பாய்களும் அந்த வழியாகவே வந்தன. முதுகில் ஏறுவது எதுவென்று பார்த்துக் கூலி வாங்க ஒரு சுமைத்தொழிலாளிக்கு முடியுமா? ஹனஃபி சட்டநூலான ஹிதாயா இந்தக் கேள்வியையே எடுத்துப் பேசுகிறது. முஸ்லிம் அல்லாதவருக்காக மது சுமந்த முஸ்லிமின் கூலி அபூஹனீஃபாவின் பார்வையில் ஆகுமானது. அவருடைய இரு மாணவர்களும் அதை வெறுக்கத்தக்கதாகக் கருதினார்கள். இந்நூலை 1791-இல் சார்லஸ் ஹாமில்டன் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். கம்பெனி நீதிமன்றங்கள் மணவழக்குக்கு அதைப் புரட்டின. குற்றவியலைப் பொறுத்தவரை 1862-இல் இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் இஸ்லாமியச் சட்டத்துக்கு வேலையில்லாமல் போயிற்று. முதல் கலீஃபா காலத்தில் குடித்தவனுக்கு 40 அடி, உமரின் காலத்தில் 80 என்ற விவாதமெல்லாம் மதரஸாப் பாடத்தோடு நின்றுவிட்டது. இந்த ஊர் முஸ்லிமுக்கு மது குற்றமாக இல்லாமல் பாவமாக மட்டும் மிஞ்சியது. தடுக்க அவனுடைய மனச்சாட்சி இருந்தது, வீட்டார் இருந்தார்கள், பள்ளிவாசல் ஜமாஅத் இருந்தது, போலீஸ் இல்லை.

முஸ்லிம் மன்னர்கள் குடிக்கவில்லையா, சூஃபிகள் மதுவைப் பாடவில்லையா என்று கேட்பார்கள். ஜஹாங்கீர் குடித்தார், அதைத் தன் வரலாற்றில் தானே எழுதினார். பாபர் 1527-இல் கான்வா போருக்கு முன் கோப்பைகளை உடைத்துக் குடியை விட்டார். பாவம் என்று தெரிந்திராவிட்டால் உடைத்து வருந்த வேண்டியிருந்திராது. சூஃபிகளைப் பற்றிய கேள்விக்கு ராயபுரத்திலேயே விடை இருக்கிறது. தொண்டிக்கு அருகே குணங்குடியில் பிறந்த சுல்தான் அப்துல் காதிர், பாவா லெப்பை என்பவருக்குச் சொந்தமான, முட்புதரும் மூங்கிலும் மண்டிய தோட்டத்தில் வந்து தங்கினார். இறைப்போதையில் தன்னை மறந்தவர் என்று கண்ட மக்கள் அவரை மஸ்தான் என்றார்கள். திருத்தணி சரவணப்பெருமாள் ஐயர் அவர்மீது நான்மணிமாலை பாடினார். அந்த அளவுக்கு மதம் கடந்த மதிப்பு அவருக்கு. 1838-இல் மறைந்த அவருடைய அடக்கத்தலம் இன்றும் ராயபுரத்தில்தான் இருக்கிறது. குணங்குடியாரின் போதைக்குக் கள்ளுக்கடை தேவைப்படவில்லை. உண்மையான மது விலக்கப்பட்ட சமுதாயத்தில்தான் அந்த உருவகத்துக்கு வலு. கடைத்தெருவில் கிடைக்கும் சரக்கை வைத்து இறையனுபவத்தின் அருமையைச் சொல்ல முடியாது.

இனி அரசின் கணக்குக்கு வருவோம். ராஜாஜி 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். போர்க்காலத்தில் அது கைவிடப்பட்டு, பின்னர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் காலத்தில் 1948-இல் சென்னை நகரம் உட்பட மாகாணம் முழுவதும் பரவியது. அண்ணா 1967-இல் ஆட்சிக்கு வந்தார். மதுவிலக்கைத் தளர்த்த மறுத்தார். அதே அண்ணாவின் அரசுதான் 1968-இல் தமிழ்நாடு பரிசுச் சீட்டைத் தொடங்கியது. விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்ற அதன் விளம்பரத்தை மைசிர் ஆடிய அரபியர் கேட்டிருந்தால் நம்ம ஆட்டம்தான் என்று சொல்லியிருப்பார்கள். தோற்றவன் காசில் பொதுநன்மை என்ற அதே ஏற்பாடு. ஒரு வித்தியாசம் உண்டு, அது மைசிருக்கே பெருமை: அங்கே ஆடியவர்கள் வசதி படைத்தவர்கள், பயனடைந்தவர்கள் ஏழைகள். இங்கே தினக்கூலி வாங்கியவன் சீட்டு வாங்கினான். 1971-இல் கருணாநிதி மதுவிலக்கைத் தளர்த்தினார், 1974-இல் திரும்பக் கொண்டுவந்தார். 1981-இல் எம்.ஜி.ஆர். கடைகளைத் திறந்தார், 1983-இல் டாஸ்மாக் பிறந்தது. உச்சம் 2003. அந்த ஆண்டு ஜனவரியில் ஜெயலலிதா அரசு லாட்டரியைத் தடை செய்தது, குடும்பங்கள் அழிகின்றன என்றது. நவம்பரில் அதே அரசு மதுவின் சில்லறை விற்பனை முழுவதையும் டாஸ்மாக் வழியாகத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. குர்ஆன் ஒரே வசனத்தில் கட்டிவைத்த இரண்டையும் நம் அரசுகள் எப்போதும் பிரித்தே பார்த்தன. ஒன்றை மூடும்போது மற்றொன்று திறந்திருந்தது. இடையில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. ஏழை மரமேறியின் சரக்கு ஆகாது, ஆலைச் சரக்கு ஆகும் என்ற இந்த நீதிக்கு எந்த மத்ஹபிலும் இடம் கிடையாது.

சூதைப் பொறுத்தவரை நீதிமன்றங்கள் வேறு கோடு கிழித்தன: திறமை இருந்தால் சூதல்ல. 1996-இல் உச்ச நீதிமன்றம் கிண்டிக் குதிரைப் பந்தயத்தைத் திறமை விளையாட்டு என்றது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், 2022-ஆம் ஆண்டு ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்திலிருந்து ரம்மியையும் போக்கரையும் விடுவித்தது. மனமகிழ் மன்றங்களில் ரம்மி ஆடுவோரும் இந்த வாதத்தைத்தான் சொல்வார்கள். இஸ்லாமியச் சட்டம் திறமையை மறுக்கவில்லை. குதிரை, ஒட்டகம், அம்பெய்தல் ஆகியவற்றில் பரிசுக்கு நபிமொழியே இடம் தருகிறது. ஓட்டியவனுக்கு வெளியாள் கொடுக்கும் பரிசு ஆகும். வேலிக்கு இப்பால் நின்று பார்ப்பவன் கட்டும் பந்தயம் ஆகாது. சீட்டுக் குலுக்குவதும் தன்னளவில் பாவமில்லை. மர்யமை வளர்ப்பது யார் என்பதற்கு எழுதுகோல்களை எறிந்து முடிவு செய்ததாக குர்ஆனே சொல்கிறது. மாதாமாதம் குலுக்கி முறைவைத்து எல்லாருக்கும் ஒரே தொகை தரும் சீட்டில் யாரும் தோற்பதில்லை. ஒருவன் இழந்தால்தான் இன்னொருவன் பெறுவான் என்ற இடத்தில்தான் சூது தொடங்குகிறது. வடசென்னைக்குத் தெரிந்த எடுத்துக்காட்டு காரம்போர்டு. புது வண்ணாரப்பேட்டையின் காசிமா 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். அரசு ஒரு கோடி ரூபாய் பரிசளித்தது. அதே பலகையில் ஆளுக்கு நூறு ரூபாய் வைத்து ஆடினால் அது சூது. பலகையும் ஒன்று, விரலின் திறமையும் ஒன்று; காசு எங்கிருந்து வருகிறது என்பதுதான் வேறு. நீதிமன்றத்தின் கோட்டைவிட இது தெளிவாக இருப்பதாகவே எனக்குப் படுகிறது. காட்டன் சூதாட்டம் என்ற பெயரில் இன்னமும் போலீஸ் வழக்குகள் பதிவாகின்றன. நியூயார்க் பஞ்சு விலையில் தொடங்கிய அந்த ஆட்டத்தில் இப்போது பஞ்சும் இல்லை, விலையும் இல்லை, எண் மட்டுமே மிச்சம். அதில் திறமையைத் தேடிப்பார்க்கச் சொல்லலாம்.

கடைசி மறுப்பு வலுவானது. மதுவிலக்கு கள்ளச்சாராயத்தை வளர்த்தது, ஆகவே பாவம் என்ற பேச்சால் என்ன பயன் என்கிறார்கள். விலக்குக் காலத்தில் கள்ளச்சாராயம் காய்ச்சப்பட்டது உண்மை. ஆனால் 2023-இல் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும், 2024 ஜூனில் 60-க்கும் மேற்பட்டவர்களைக் காவு வாங்கிய கள்ளக்குறிச்சியிலும் மெத்தனால் குடித்துச் செத்தவர்கள் டாஸ்மாக் கடைகள் திறந்திருந்த மாநிலத்தில்தான் செத்தார்கள். கடையைத் திறந்துவைப்பது கள்ளச்சாராயத்துக்கு மருந்து என்ற நம்பிக்கைக்கு இனி ஆதாரம் இல்லை. சட்டம் தோற்ற இடத்தில் பாவம் பாவமில்லாமல் போய்விடாது என்பதும் ஒன்று. பிறகு எஞ்சுவது வருமானம். 2022–23-இல் டாஸ்மாக் வழியாக அரசுக்கு 44,000 கோடி ரூபாய்க்கு மேல் வந்தது. இது சிறு பயன் என்று யாரும் சொல்ல முடியாது. மதுவிலக்கால் வரும் இழப்பை ஈடுகட்டத்தான் ராஜாஜி 1939-இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். மதுவிலக்கு போயிற்று, வரி போகவில்லை. அந்த 44,000 கோடியில் பெரும்பகுதி, அன்றைய விற்பனை வரியின் வாரிசான மதிப்புக் கூட்டு வரியாகவே வசூலானது.