புகையிலைக் கடைக்கு உரிமம்: அமெரிக்க நகரங்களின் நூற்றாண்டு அனுபவம்

அமெரிக்காவில் யார் சிகரெட் விற்கலாம், எந்தத் தெருவில் விற்கலாம், எந்த வயதினருக்கு விற்கலாம் என்ற கேள்விகளுக்கு நூறாண்டுக்கும் மேலாக விடை தேடி வருபவை பெரும்பாலும் உள்ளாட்சி அமைப்புகளே. புகையிலைப் பொருள்களை முறைப்படுத்தும் முழு அதிகாரம் மத்திய அரசின் உணவு, மருந்து நிர்வாகத்துக்கு 2009-இல்தான் கிடைத்தது. சிகாகோ மாநகராட்சியோ 19-ஆம் நூற்றாண்டு முடியும் முன்பே சிகரெட் கடைகளுக்கு உரிமம் கட்டாயம் என்று விதித்திருந்தது. தொடக்கத்தில் இந்த உரிமம் ஊரின் ஒழுக்கத்தையும் நலத்தையும் காக்கும் ஏற்பாடாக இருந்தது. பின்னர் வரி வசூலுக்கான பதிவாகச் சுருங்கி, அதன்பின் சிறுவர்களைக் காக்கும் சட்டத்துக்கு வலுவூட்டி, இறுதியில் கடைகளின் எண்ணிக்கையையே குறைக்கும் கருவியாக வளர்ந்தது.

சிகாகோவின் நூறு டாலர் உரிமம்

ஜேம்ஸ் பான்சாக் உருவாக்கிய சிகரெட் சுற்றும் இயந்திரம் 1881-இல் காப்புரிமை பெற்றது. கையால் சுற்றும் தொழிலாளி ஒருவர் ஒரு நாளில் சில ஆயிரம் சிகரெட்டுகளையே செய்ய முடிந்த காலத்தில், இந்த இயந்திரம் லட்சத்துக்கு மேல் செய்து தள்ளியது. வட கரோலினாவின் ஜேம்ஸ் டியூக் அதை முதலில் பெருமளவில் பயன்படுத்தி விலையைக் குறைத்தார். 1890-இல் அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி உருவானது. பள்ளிப் பிள்ளைகளின் கைக்கே எட்டும் விலையில் சிகரெட் வந்ததும் எதிர்ப்பும் கிளம்பியது. வாஷிங்டன் மாநிலம் 1893-லும், அயோவா 1896-லும், டென்னசி 1897-லும் சிகரெட் விற்பனைக்கே தடை விதித்தன. லூசி பேஜ் காஸ்டன் 1899-இல் சிகாகோவில் சிகரெட் எதிர்ப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்.

சிகாகோ மாநகராட்சி தடை வழியை நாடாமல் உரிம வழியைத் தேர்ந்தது. சிகரெட் விற்க விரும்புபவர் நகரச் சுகாதார ஆணையர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். அவர் நன்னடத்தை உடையவர் என்பதில் மேயர் நிறைவடைந்தால் உரிமம் கிடைக்கும். ஆண்டுக் கட்டணம் 100 டாலர். அன்று அது சிறு வணிகருக்குப் பெருந்தொகை. பள்ளிக்கூடத்திலிருந்து 200 அடிக்குள் விற்கக் கூடாது. அபின், மார்பின், ஊமத்தை வகைச் செடி போன்றவை கலந்த சிகரெட்டுகளை எங்குமே விற்கக் கூடாது.

உரிமமின்றி விற்று 50 டாலர் அபராதம் விதிக்கப்பட்ட வணிகர் ஒருவர் இந்த விதியை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்றார். யாருக்கு உரிமம் தருவது என்பதை மேயரின் விருப்பத்துக்கு விட்டது அரசியலமைப்பின் 14-ஆம் திருத்தத்துக்கு முரண் என்பது அவரது வாதம். 1900 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. மக்கள் நலன் கருதி ஒரு வணிகத்தை முறைப்படுத்துவதும், அதற்குக் கட்டணம் விதிப்பதும் மாநிலத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. அந்த அதிகாரத்தை நகரத்துக்கு வழங்கலாம் என்று நீதிமன்றம் கூறியது. கண்ட்லிங் எதிர் சிகாகோ என்று பெயர்பெற்ற இவ்வழக்கு, உள்ளாட்சி உரிமத்தின் சட்ட அடித்தளமாக நிலைத்தது.

வரிப் பதிவாகச் சுருங்கிய காலம்

முதல் உலகப் போரில் படைவீரர்களுக்குச் சிகரெட் பங்காக வழங்கப்பட்டது. போர் முடிந்து அவர்கள் ஊர் திரும்பியபோது சிகரெட்டின் மீதிருந்த பழியும் கரைந்துபோனது. தடை விதித்திருந்த மாநிலங்கள் ஒவ்வொன்றாக அதை விலக்கிக்கொண்டன. கடைசியாக 1927-இல் கான்சாஸும் விலக்கியது. தடையை நீக்கிய அயோவா, 1921-இல் சிகரெட்டுக்கு மாநில வரி விதித்து வழிகாட்டியது. 1969-இல் புகையிலை விளையும் வட கரோலினாவும் வரி விதித்தபின் வரியில்லா மாநிலம் என்று ஒன்றும் மிஞ்சவில்லை. இந்த அரை நூற்றாண்டில் உரிமம் என்பது யார் வரி கட்ட வேண்டும் என்று காட்டும் பதிவேடாக மட்டுமே இருந்தது. சிறுவர்களுக்கு விற்கக் கூடாது என்ற சட்டம் பெரும்பாலான மாநிலங்களில் இருந்தும், அதை மீறிய கடைக்காரரின் உரிமத்துக்கு எந்த ஆபத்தும் வரவில்லை.

சிறுவர்களும் சோதனை விற்பனையும்

புகைப்பழக்கம் நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் என்று தலைமை அறுவை மருத்துவர் அறிக்கை 1964-இல் அறிவித்தது. ஆயினும் சட்டத்துக்கும் கடை நடப்புக்கும் இடையிலிருந்த தூரத்தை அளந்து காட்டியவை 1980-களின் ஆய்வுகளே. மாசசூசெட்ஸில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி 100 கடைகளில் சிகரெட் கேட்டபோது 75 கடைகளில் கிடைத்தது. இதை ஜோசப் டிஃப்ரான்சா குழுவினர் 1987-இல் வெளியிட்டனர். கலிபோர்னியாவின் சான்டா கிளாரா மாவட்டத்தில் 14 முதல் 16 வயது வரையிலான சிறுவர்களுக்கு 74 சதவீதக் கடைகள் விற்றன. கடைக்காரர்களிடையே தீவிரப் பிரசாரம் செய்து ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் 39 சதவீதக் கடைகள் விற்றுக்கொண்டிருந்தன. அறிவுரை ஓரளவுக்கே பலித்தது.

சிகாகோவின் புறநகரான வுட்ரிட்ஜ் 1989-இல் வேறு வழியில் சென்றது. புகையிலை விற்கும் கடைகளுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கி, காவல் துறை மேற்பார்வையில் சிறுவர்களை அனுப்பி அடிக்கடி சோதித்தது. விற்ற கடைக்கு அபராதமும் உரிம இடைநிறுத்தமும் கிடைத்தன. 70 சதவீதமாக இருந்த சட்டவிரோத விற்பனை ஒன்றரை ஆண்டில் 5 சதவீதத்துக்கும் கீழே வந்தது. அபராதத்தை ஒருநாள் இழப்பாக எண்ணிக் கட்டிவிடும் கடைக்காரர், உரிமம் போகும் என்றால் அஞ்சுகிறார் என்ற உண்மை இதில் துலங்கியது. அதே 1989-இல் மினசோட்டாவின் ஒயிட் பேர் லேக் நகரம், காசு போட்டால் சிகரெட் தரும் தானியங்கிப் பெட்டிகளுக்கு நாட்டிலேயே முதலாகத் தடை விதித்தது.

ஓக்லஹோமாவின் நாடாளுமன்ற உறுப்பினர் மைக் சைனார் கொண்டுவந்த சட்டத் திருத்தத்தை 1992-இல் நாடாளுமன்றம் ஏற்றது. சிறுவர்களுக்கு விற்பதைத் தடுக்காத மாநிலம் போதை ஒழிப்புக்கான மத்திய நிதியில் ஒரு பகுதியை இழக்கும் என்றானது. சட்டவிரோத விற்பனை விகிதம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது அதன் அளவுகோல். சோதனை விற்பனை நாடெங்கும் பரவியது. இதே ஆண்டுகளில் சிகரெட் நிறுவனங்கள் மாநிலச் சட்டமன்றங்களை நாடின. உள்ளாட்சிகள் மாநிலச் சட்டத்தைவிடக் கடுமையான விதி போட முடியாதபடி பல மாநிலங்களில் சட்டம் இயற்ற வைத்தன. நூற்றுக்கணக்கான நகர மன்றங்களில் தனித்தனியே போராடுவதைவிட ஒரு சட்டமன்றத்தில் போராடுவது அவர்களுக்கு எளிது. உள்ளாட்சியின் அதிகாரம் எந்த அளவு பலனளித்தது என்பதற்கு இந்த எதிர்ப்பே சான்று.

கலிபோர்னியாவில் வளர்ந்த உரிமம்

கலிபோர்னிய வாக்காளர்கள் 1988-இல் 99-ஆம் முன்மொழிவை ஏற்று, சிகரெட் பாக்கெட்டுக்கு 25 சென்ட் கூடுதல் வரி விதித்தனர். அதில் ஒரு பங்கு புகையிலைத் தடுப்புப் பணிக்குச் சென்றது. மாவட்டச் சுகாதாரத் துறைகளுக்கு இதற்கென்றே ஊழியர்கள் கிடைத்தனர். வரி ஏய்ப்பைத் தடுப்பதற்காக 2003-இல் மாநில அளவில் உரிமச் சட்டம் வந்தது. ஒரே ஒருமுறை 100 டாலர் கட்டினால் போதும் என்ற அந்த உரிமம், 2017 முதல் ஆண்டுக்கு 265 டாலராக மாறியது. உள்ளாட்சிகள் தனி உரிமம் வழங்குவதையும், விதி மீறினால் அதை இடைநிறுத்துவதையும் அச்சட்டம் தடுக்கவில்லை. இதனால் பல நகரங்களில் ஒரே கடைக்கு மாநில உரிமம், நகர உரிமம் என இரண்டு தேவைப்பட்டன.

சான் பிரான்சிஸ்கோ 2003-இல் நகர உரிமத்தைக் கொண்டுவந்தது. நோய்க்கு மருந்து தரும் இடத்தில் நோய் தரும் பொருளை விற்பது முறையல்ல என்று 2008-இல் மருந்துக் கடைகளுக்குப் புகையிலை உரிமம் தருவதை நிறுத்தியது. அமெரிக்க நகரங்களில் இதுவே முதல். பல்பொருள் அங்காடிக்குள் இருந்த மருந்துக் கடைகளுக்கு மட்டும் விலக்கு அளித்ததை எதிர்த்து வால்கிரீன்ஸ் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பாகுபாட்டைக் குறை கூறியதும், நகரம் தடையைக் கைவிடாமல் விலக்கை நீக்கித் தடையை விரிவாக்கியது. சிவிஎஸ் மருந்துக் கடை நிறுவனம் 2014-இல் நாடு முழுவதும் தானே புகையிலை விற்பனையை நிறுத்திக்கொண்டது.

அடுத்த கேள்வி கடைகளின் எண்ணிக்கை. நகரில் ஏறத்தாழ ஆயிரம் கடைகளுக்கு உரிமம் இருந்தது. அவை டெண்டர்லாய்ன் போன்ற ஏழைப் பகுதிகளில் நெருக்கமாகவும் வசதியான பகுதிகளில் அரிதாகவும் இருந்தன. இளைஞர் அமைப்புகள் தெருத்தெருவாகக் கணக்கெடுத்து இதை எடுத்துக்காட்டின. நகர மன்ற உறுப்பினர் எரிக் மார் முன்மொழிய, மன்றம் 2014 டிசம்பரில் விதி இயற்றியது. 11 வட்டங்களில் ஒவ்வொன்றுக்கும் 45 உரிமங்களே உச்ச வரம்பு. பள்ளியிலிருந்தோ ஏற்கெனவே உள்ள புகையிலைக் கடையிலிருந்தோ 500 அடிக்குள் புதிய உரிமம் இல்லை. இருக்கும் உரிமங்கள் பறிக்கப்படவில்லை. கடைகள் கைமாறும்போதும் மூடப்படும்போதும் எண்ணிக்கை தானாகக் குறையும்படி ஏற்பாடு செய்யப்பட்டது. சிறு கடைக்காரர்களின் பிழைப்பைக் கருதிச் செய்த இந்தச் சமரசமே விதியை நிலைக்கச் செய்தது. பிலடெல்பியா 2016-லும் நியூயார்க் 2017-லும் இதே போன்ற உச்ச வரம்புகளை வகுத்தன.

2017-இல் மென்தால் உள்ளிட்ட சுவையூட்டிய புகையிலைக்கு சான் பிரான்சிஸ்கோ தடை விதித்தபோது, ஆர்.ஜே. ரேனால்ட்ஸ் நிறுவனம் ஒரு கோடி டாலருக்கு மேல் செலவிட்டு எதிர்த்தது. 2018 ஜூனில் நடந்த வாக்கெடுப்பில் 68 சதவீதத்தினர் தடையை ஆதரித்தனர். மாநிலம் முழுவதற்குமான சுவைத் தடை 2022 நவம்பர் வாக்கெடுப்புக்குப் பின்னரே நடைமுறைக்கு வந்தது. பெவர்லி ஹில்ஸ், மன்ஹாட்டன் பீச் ஆகிய இரு சிறு நகரங்கள் ஒருபடி மேலே சென்று, 2021 ஜனவரி முதல் தேதியிலிருந்து புகையிலை விற்பனையையே நிறுத்தின. பெவர்லி ஹில்ஸில் சில சுருட்டுக் கூடங்களுக்கும் விடுதி விருந்தினர்களுக்கும் மட்டும் விலக்கு உண்டு.

மாசசூசெட்ஸின் சிற்றூர்கள்

மாசசூசெட்ஸில் இந்த அதிகாரம் ஊர்ச் சுகாதார வாரியங்களிடம் இருக்கிறது. நீடம் என்ற சிற்றூர் விற்பனை வயதை 21 ஆக 2005-இல் உயர்த்தி நடைமுறைப்படுத்தியது. 2006-இல் அங்குள்ள உயர்நிலைப் பள்ளி மாணவரில் சுமார் 13 சதவீதத்தினர் புகைத்தனர். 2010-இல் அது ஏறத்தாழ 7 சதவீதமானது. சுற்றியிருந்த ஊர்களில் இவ்வளவு வீழ்ச்சி இல்லை. நியூயார்க் நகரம் 2014-இல் இதைப் பின்பற்றியது. 2019 டிசம்பரில் 21 வயது என்பது நாடு முழுவதற்குமான சட்டமானது.

எல்லா முயற்சியும் வெல்லவில்லை. வெஸ்ட்மின்ஸ்டர் என்ற ஊரின் வாரியம் 2014-இல் புகையிலை விற்பனையை முழுமையாகத் தடைசெய்ய முனைந்தபோது ஊர்க்கூட்டம் கூச்சலில் முடிந்தது. வாரியம் முன்மொழிவைக் கைவிட்டது. புரூக்லைன் ஊர் மன்றம் 2020-இல் இன்னொரு வழி கண்டது. 2000 ஜனவரி 1-இலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு எந்நாளும் புகையிலை விற்கக் கூடாது என்பது அதன் விதி. இதனால் ஏற்கெனவே பழகியவரும் கடைக்காரரும் ஒரே நாளில் பாதிக்கப்படவில்லை. மாநில உச்ச நீதிமன்றம் 2024 மார்ச்சில் இவ்விதி செல்லும் என்றது.

யாரைத் தண்டிப்பது?

உரிம முறையின் நிழலான பக்கத்தையும் வரலாறு பதிவு செய்திருக்கிறது. 2014 ஜூலையில், வரி கட்டாத உதிரிச் சிகரெட் விற்றதாகச் சந்தேகித்து நியூயார்க் போலீசார் எரிக் கார்னரைப் பிடித்தபோது, கழுத்து நெரிக்கப்பட்டு அவர் உயிரிழந்தார். சில்லறை விற்பனையைக் குற்றவியல் விவகாரமாக நடத்துவது எங்கே கொண்டுபோய்விடும் என்பதை அந்த மரணம் காட்டியது. விதி மீறலைப் போலீஸ் வழக்காக அல்லாமல் உரிமத்தின் மீதான நிர்வாக நடவடிக்கையாகவே கையாள வேண்டும், தண்டனை சிகரெட் வாங்கும் சிறுவருக்கல்ல, விற்பவருக்கே என்ற கருத்து வலுத்தது. கலிபோர்னியா 2016-இல் விற்பனை வயதை 21 ஆக உயர்த்தியபோது, புகையிலை வைத்திருக்கும் சிறுவருக்கான தண்டனையை நீக்கியது.

சிகாகோவிலிருந்து புரூக்லைன் வரையிலான அனுபவம் தெளிவாகவே பேசுகிறது. சோதனைச் செலவை ஈடுகட்டும் ஆண்டுக் கட்டணம், இடைவிடாத சோதனை, விதி மீறியவரின் உரிமத்தை நிறுத்தும் துணிவு ஆகிய மூன்றும் சேர்ந்த ஊர்களில் சிறுவர் கைக்குச் சிகரெட் போவது குறைந்தது. இவை இல்லாத ஊர்களில் உரிமம் கடைச் சுவரில் மாட்டிய தாளாக மட்டுமே இருந்தது. 21 வயது வரம்பும் சுவைத் தடையும் பெரிய சட்டமன்றங்களுக்கு வருமுன் சிற்றூர் வாரியங்களிலும் நகர மன்றங்களிலுமே முதலில் சோதித்துப் பார்க்கப்பட்டன. மக்களுக்கு மிக அருகில் இருக்கும் ஆட்சிக்கு அதிகாரம் விட்டுவைக்கப்பட்டதால்தான் அது இயன்றது.