உழைப்பாளரை வார்த்த ஜமீன் வாரிசு

சென்னைக் கலைப் பள்ளியிலிருந்து கல்கத்தா போன ஹாவெல், அங்கே அவனீந்திரநாத் தாகூரைத் துணை சேர்த்துக்கொண்டதைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்த அவனீந்திரநாத்திடம் ஓவியம் பயின்ற சீடர் ஒருவர் 1929-ல் சென்னை வந்து சேர்ந்தார். 1850-ல் ஹண்டர் தொடங்கிய பள்ளியின் தலைமை நாற்காலியில் அமர்ந்த முதல் இந்தியர் அவர்தான்: தேவி பிரசாத் ராய் சௌத்ரி.

1899-ல் ரங்க்பூர் பக்கம் தாஜ்ஹாட்டில், ஜமீன் குடும்பத்தில் பிறந்தவர். குஸ்தி, வேட்டை, புல்லாங்குழல், நடுவே வங்காளத்தில் கதைகளும் எழுதுவார். சிற்பம் கற்றது ஹிரண்மய் ராய் சௌத்ரியிடம். அவனீந்திரநாத்தின் மென்மையான நீர்வண்ணப் பாணி ஓவியத்தோடு நின்றுவிட்டது. மண்ணைக் கையில் எடுத்ததும் மனிதர் குஸ்திக்காரராகிவிடுவார்.

அவர் வந்து சேர்ந்த ஊரோ, வெண்கலத்துக்குப் பேர்போன தமிழ்நாடு. சுவாமிமலை ஸ்தபதி மெழுகில் உருவம் பிடிக்கும்போது தாலக் கணக்கு இருக்கும், தியான சுலோகம் இருக்கும். எலும்பு தெரியாது, நரம்பு புடைக்காது. தெய்வத்துக்கு எதற்கு நரம்பு? ராய் சௌத்ரிக்கு வேண்டியது வியர்க்கிற உடம்பு. ஆளை எதிரே நிறுத்தி, களிமண்ணை அப்பி அப்பி ஏற்றுவார். விரல் பதிந்த மேடுபள்ளத்தை வழித்து மெழுகாமல் அப்படியே வார்ப்புக்கு அனுப்புவார். பிரான்சின் ரோதின் கையாண்ட வழி இது. பள்ளியிலும் ஆளைப் பார்த்து வரைவதை வலியுறுத்தினார். கைவினைப் பட்டறையாக இருந்த இடம் ஓவியர்கள், சிற்பிகள் உருவாகும் இடமாக மாறியது அவர் காலத்தில்தான்.

சுதந்திரத்துக்குப் பின் அரசாங்கங்கள் அவரைத் தேடி வந்தன. 1942 ஆகஸ்ட் 11 அன்று பாட்னா தலைமைச் செயலகத்தில் கொடியேற்றப் போய்ச் சுடப்பட்டு இறந்த 7 மாணவர்களுக்கு நினைவுச் சின்னம் எழுப்பும் பணி அவருக்குக் கிடைத்தது. இத்தாலியில் வார்க்கப்பட்டு வந்த அந்தச் சிலைத் தொகுதியை 1956-ல் ராஜேந்திர பிரசாத் திறந்துவைத்தார். இதற்கிடையே 1954-ல் லலித் கலா அகாதெமியின் முதல் தலைவர் பதவி. 1958-ல் பத்ம பூஷண்.

1959-ல் மெரினாவுக்கு இரண்டு சிலைகள் வந்தன. காந்தி ஒன்று, மற்றொன்று, குடியரசு தினத்துக்கு முதல் நாள் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலை. பாறையொன்றைப் பெயர்க்க மல்லுக்கட்டும் நான்கு பேர். பள்ளிக் காவலாளி ஒருவரையும் மாணவர் ஒருவரையும் நிற்க வைத்துச் செய்தது என்பார்கள். கிட்டே போய்ப் பாருங்கள்: முகங்களைவிட முதுகும் தோளும் தொடையும்தான் பேசுகின்றன. நால்வரின் பாரமும் பாறைமேல் சாய்கிறது. ஒருவரை எடுத்துவிட்டால் மற்ற மூவரும் விழுந்துவிடுவார்கள் போலிருக்கும். காந்தியைவிட இதில்தான் அவர் கை சுதந்திரமாக ஓடியிருக்கிறது என்பது என் எண்ணம். தலைவர் சிலை என்றால் சாயலுக்குக் கட்டுப்பட வேண்டும். இந்த நால்வருக்கு அந்தத் தொல்லை இல்லை.

கடைசிப் பெரிய வேலை டெல்லியின் ‘கியாரா மூர்த்தி’. தண்டிக்கு நடக்கும் காந்தியும் பின்னால் பத்துப் பேரும். 1975-ல் அவர் காலமானபோது அது முடிந்திருக்கவில்லை, பிறகே நிறைவுபெற்றது. 2016-ல் செல்லாமல் போன 500 ரூபாய் நோட்டின் பின்புறம் இருந்தது அந்த ஊர்வலம்தான்.

பணிக்கர், தனபால் என அவர் மாணவர்களோ, குரு கற்றுத்தந்த நரம்பையும் தசையையும் உதறிவிட்டு வேறு திசையில் போனார்கள். அந்தக் கலகம் அடுத்த வாரம்.

(தொடரும்)