சாந்தோடு குழைந்த வண்ணம்

கோபுரச் சுதைச் சிற்பங்களின் வண்ணம் மேற்பூச்சேயாகும். வெயிலும் மழையும் அதனை மங்கச் செய்ய, குடமுழுக்குத்தோறும் புதுப்பூச்சு வேண்டியதாகிறது. வண்ணத்தை மேலே பூசாது, சாந்தோடே குழைத்துவிட்டால் என்ன? ஐரோப்பியக் கைவினைஞர் இவ்வினாவுக்குக் கண்ட விடைகளுள் ஒன்று ‘ஸ்காலியோலா’ என்னும் கலை.

இத்தாலியின் வடபால், மோதெனா நகரையடுத்த கார்ப்பி ஒரு சமவெளி ஊர். பளிங்கு வெட்டும் மலை அங்கில்லை. ஆயின் அபெனைன் மலைச்சாரலில் ஜிப்சம் கிடைத்தது. செதில் செதிலாகப் பிளக்கும் அக்கல்லைக் கொண்டே கலைக்கும் பெயர் அமைந்தது.

ஜிப்சத்தை ஏறத்தாழ 150 பாகை சென்டிகிரேடில் வறுத்தால், அதனுள் அடங்கிய நீரில் முக்கால் பங்கு நீங்கிப் பொடியாகும். மீண்டும் நீர் சேர்த்தால், இழந்த நீரை ஏற்றுச் சில நிமிடங்களிலேயே இறுகத் தொடங்கும். இந்த அவசரந்தான் கைவினைஞனுக்குப் பகை. தச்சர் பயன்படுத்தும் வச்சிரத்தைக் கரைத்து ஊற்றினால் இறுகுதல் மந்தப்படும். அமைதியாக வேலை செய்ய நேரம் வாய்க்கும்.

சாந்தைப் பல உருண்டைகளாக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு வண்ணம் பிசைவர். செங்காவி, மஞ்சட்காவி, புகைக்கரி ஆகியவை நம்பத்தக்கவை. செடிகொடிச் சாயங்கள் பெரும்பாலும் வெளிறிவிடும். வண்ணம் மிகுந்தாலோ சாந்தின் வலிமை குன்றும். உருண்டைகளைச் சேர்த்தழுத்திச் சீவினால் பளிங்கின் கலப்பு வண்ணம் தோன்றும். வண்ணத்தில் தோய்த்த பட்டு நூலை ஈரச் சாந்தினூடே இழுத்துக் கல்லின் நரம்புகளை வரைவதும் உண்டு. இறுகியபின் நுரைக்கல்லால் தேய்த்து, துளைகளை வண்ணச் சாந்தால் அடைத்து, மீண்டும் மீண்டும் தேய்ப்பர். உலர்கையில் வெளிறிய வண்ணம் ஆளிவிதை எண்ணெயும் மெழுகும் ஏறியதும் ஆழம் பெறும். எவ்வளவு தேய்த்தாலும் உள்ளே அதே வண்ணந்தான்.

சுண்ணாம்புச் சாந்தின் காரத்தால் அழியும் பிரஷ்ய நீலம் ஜிப்சத்தில் நிலைக்கும். ஆனால் ஜிப்சம் நீரில் சிறிது கரைவது. லிட்டருக்கு ஏறத்தாழ 2 கிராம். ஆகவே இக்கலை கூரையின்கீழ் வாழ்வது. மழையில் நிற்கும் கோபுரத்துக்கு ஒவ்வாது. நம் சிற்பிகள் சுண்ணாம்பையும் மேற்பூச்சையும் கைக்கொண்டதை அறியாமை எனக் கொள்ளுதல் பிழை.

இக்கலையைக் கண்டவர் யார்? கார்ப்பி ஊரார் குயிதோ ஃபாஸி (1584-1649) என்பர். மூனிச் அரண்மனையின் ‘செல்வத் திருக்கோயில்’ என்னும் சிற்றாலயமோ 1607இல் திருநிலைப்படுத்தப்பெற்றது. அதன் சுவர்களை ஸ்காலியோலாவால் அணிசெய்தவர் பிளாசியுஸ் ஃபிஸ்துலாத்தோர். (இவரது குடும்பப் பெயர் ஃபைஃபர், அதாவது குழலூதுபவர், அதையே இலத்தீனாக்கிக் கொண்டார்.) அப்போது ஃபாஸிக்கு வயது 23. அவ்விளைஞரின் கலை அதற்குள் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து அரண்மனைச் சுவரை எட்டியிருத்தல் அரிது. ஆதலின் மூனிச்சுக்கே முன்னுரிமை தருவது பொருந்தும். எனினும், கரிய தளத்தைக் குடைந்து, பள்ளத்தில் வெண்சாந்தை ஊற்றி நிரப்பி, கருங்காலியில் தந்தம் இழைத்ததுபோல் பீடங்களை அணிசெய்த கார்ப்பியாரின் புகழ் அதனாற் குறைவதில்லை.

‘போலிப் பளிங்கு’ என்று இதனை இகழ்வோர் உளர். பளிங்கைப் போன்ற தூண்களை மட்டுமே கண்டவர் கூற்று அது. ஃபிளாரன்சை அடுத்த வல்லொம்புரோசா மடத்துத் துறவி என்ரிக்கோ ஹக்ஃபோர்ட் (1695-1771) வண்ணச் சாந்தைக் கொண்டே இயற்கைக் காட்சிகளை இழைத்தார். அது கல்லைப் போலச் செய்தலன்று, ஓவியந்தான். ஆங்கில வழிவந்த அத்துறவியிடம் பயின்ற லாம்பெர்த்தோ கோரி (1730-1801) அக்கைத்திறனை ஃபிளாரன்சில் தொடர்ந்தார்.